பஞ்சாயத்தில் பேசி முடித்த பிறகு போலீசுக்குப் போகலாமா?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து தள்ளி, மலைக்குள் ஒரு கிராமம் எங்களுடையது. மலையாளி பழங்குடிச் சமூகம். 2017ல் எனக்கு 13 வயது. அம்மா கூலிக்குப் போன காப்பி எஸ்டேட்டின் மேஸ்திரி என்னிடம் பலமுறை பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார். அவர் கீழே இருந்து வந்தவர், எங்கள் இனம் இல்லை. வீட்டில் தெரிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடி, 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, அவரிடம் 20 ஆயிரம் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார், அம்மா கைநாட்டு வைத்தார். நான் இப்போது சேலத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன், ஹாஸ்டலில் இருக்கிறேன். என் தங்கைக்கு 12 வயது. லீவு நாளில் அதே எஸ்டேட்டுக்கு அம்மாவோடு போகிறாள். அந்த ஆளும் அங்கேதான் இருக்கிறார். இத்தனை வருடம் கழித்துப் புகார் எடுப்பார்களா? அம்மாவையும் ஜெயிலில் போடுவார்களா? வக்கீல் வைக்க வசதி இல்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: எடுப்பார்கள். எடுத்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால் தங்கை விஷயம். அவள் இனி அந்த எஸ்டேட் பக்கம் போகக் கூடாது. அம்மாவிடம் இன்றைக்கே பேசுங்கள். அவளை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்காதீர்கள், ‘இப்படிச் செய்தானா, அப்படிச் செய்தானா’ என்று நீங்களே எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். அவளாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, யூனிஃபார்ம் இல்லாமல் வந்து எடுக்க வேண்டும் என்பது, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம் அந்தப் பத்திரம். அது உங்களைக் கட்டுப்படுத்தும் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள். குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றத்தைப் பணம் கொடுத்து முடித்து வைக்க ஊர்ப் பஞ்சாயத்துக்கு மட்டுமல்ல, யாருக்குமே அதிகாரம் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆனால் தாள் செல்லாக்காசு இல்லை. இந்த மாதிரி வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது ‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்பதுதான். நீங்கள் அப்போதே சொன்னதற்கும் ஊரே கூடியதற்கும் அந்த ஆள் பணம் கொடுத்ததற்கும் அவர் கையெழுத்தோடு சாட்சி அதில் இருக்கிறது. பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள்: விற்பனையாளரின் முத்திரை, தேதி, யார் பெயருக்கு வாங்கியது என்ற விவரம் முன்னாலோ பின்னாலோ இருக்கும். தேதிக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கஷ்டம். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஒரிஜினலைக் கவரில் போட்டு வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். எதுவும் எழுதாதீர்கள். ‘பார்த்துட்டுத் தரேன்’ என்று கேட்டு வரும் பெரியவர்களிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை நீங்களாகத் திருப்பிக் கொடுக்கவும் போகாதீர்கள். வாங்கியதைப் புகாரில் அப்படியே எழுதுங்கள்.

தாள் அம்மாவிடம் இல்லாமல் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை, யாரிடம் இருக்கிறது என்று புகாரில் சொல்லுங்கள், போலீஸ் கைப்பற்றும்.

காலக்கெடு விஷயம். மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் சட்டம் காலக்கெடு வைத்திருக்கிறது. உடலைத் தொட்டு நடந்த பாலியல் குற்றங்களுக்குப் போக்சோவில் தண்டனை அதற்கு மேல், அதுவும் பலமுறை நடந்திருந்தால் இன்னும் கூடும். ஆகவே கெடு இல்லை. நடந்தது 2017 என்பதால் அன்றிருந்த போக்சோ, இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள்தான் வரும். 2019ல் கூட்டிய தண்டனை பொருந்தாது. தாமதம் ஒன்றே வழக்கைக் கெடுக்காது, பாதிக்கப்பட்டவரின் நம்பகமான சாட்சியமே போதும் என்று உச்ச நீதிமன்றம் குர்மித் சிங் வழக்கில் 1996லேயே சொல்லிவிட்டது.

அம்மாவைப் பற்றிய பயம் நியாயமானது. தெரிந்தும் புகார் கொடுக்காததற்கு ஆறு மாதம் வரை தண்டனை என்று போக்சோவின் 21வது பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்ட சிறு குற்றத்தை ஓராண்டுக்குள் நீதிமன்றம் எடுக்க வேண்டும். ‘சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் குற்றம் தொடர்கிறது, அதனால் கெடு இல்லை’ என்று வாதாட இடமிருந்தாலும், கைநாட்டு வைக்கச் சொன்ன இடத்தில் வைத்த ஒரு கூலித் தொழிலாளியை அதற்காகக் கூண்டில் நிறுத்துவது எனக்கு நடக்கக்கூடியதாகத் தெரியவில்லை. அவர் உங்கள் முக்கிய சாட்சி. கூட்டம் கூட்டிப் பேசி முடித்த பெரியவர்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

புகார் கொடுக்க மலை ஏற வேண்டியதில்லை. அங்கே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். சேலத்திலேயே மகளிர் காவல் நிலையத்தில் கொடுங்கள்; எல்லை வேறு என்றாலும் பதிந்து அனுப்பியாக வேண்டும். பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். சாதிச் சான்றிதழைக் கூடவே எடுத்துப் போங்கள். அந்த மேஸ்திரி பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர் என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், டி.எஸ்.பி. அளவிலான அதிகாரி விசாரிக்க வேண்டும், முன்ஜாமீன் கிடைப்பது அரிது. அதைச் சேர்க்காமல் விட்டால் எழுதிக் கேளுங்கள். பதியவே மறுத்தால் எஸ்.பி.க்கு (சேலம் மாநகர நிலையம் என்றால் போலீஸ் கமிஷனருக்கு) தபாலில் எழுதுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினால் உங்கள் சம்மதம் வேண்டும். இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் தடை செய்திருக்கிறது. விசாரணை மூடிய அறையில் நடக்கும், உங்கள் பெயரை வெளியிடுவது குற்றம். வேலை செய்யும் கடைக்கோ ஹாஸ்டலுக்கோ யாரும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன்: வழக்கு இழுக்கும். குறுக்கு விசாரணை வலிக்கும். அதற்குத் தனியாகப் போகாதீர்கள். மகளிர் உதவி எண் 181க்குப் பேசினால் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆலோசகர் கிடைப்பார். இரவில் தூக்கம் வராமல் மனம் அலைந்தால் 14416 எந்நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

வக்கீல் செலவு உங்களுக்கு இல்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100. இடைக்கால இழப்பீட்டுக்கும் அங்கேயே மனு எழுதித் தருவார்கள். தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். போகும்போது பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ எடுத்துப் போங்கள், 2017ல் உங்கள் வயதை நிரூபிக்க அது வேண்டும்.