செத்த போர்டில் தங்கம்: அமிலத்தில் போடலாமா?

கேள்வி: கரூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இனி உயிர் பெறாது என்று ஒதுக்கிய போர்டுகள் இரண்டு சாக்கு சேர்ந்துவிட்டன. காயலான் கடைக்காரர் அடிமாட்டு விலை கேட்கிறார். அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். நானே செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். சாக்கில் தங்கம் இல்லை என்பதால் அல்ல, நன்றாகவே இருக்கிறது. பேட்டரி நீக்கிய ஒரு டன் செல்போன்களில் ஏறத்தாழ 300 கிராம் தங்கம் உண்டு. சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்கு 5 கிராம் கிடைத்தாலே கொண்டாடுவார்கள். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்கான சுமார் 32 கிலோ தங்கத்தையும் ஜப்பானியர்கள் பழைய மின்னணுப் பொருட்களிலிருந்துதான் எடுத்தார்கள்.

சிக்கல், அது எங்கே இருக்கிறது என்பதில்தான். கனெக்டர்களில் பளபளப்பது ஒரு மைக்ரான் தடிமன்கூட இல்லாத பூச்சு. மீதியில் பெரும்பங்கு சிப்புகளுக்குள், முடியைவிட மெல்லிய கம்பிகளாக, கறுப்புப் பிசினில் புதைந்து கிடக்கிறது. முழு போர்டை ஊற வைத்தால் அமிலம் அந்தக் கம்பிகள்வரை போய்ச் சேராது. அதற்கு முன்பே சால்டரில் உள்ள வெள்ளீயம் நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து வெள்ளைக் குழம்பாகி, வடிதாளை அடைத்து, கரைந்த தங்கத்தையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளியும் பல்லேடியமும் பெரும்பாலும் கழிவோடு போய்விடும். வீடியோவில் கடைசியாக மின்னும் மணியைக் காட்டுகிறார்களே தவிர, எத்தனை கிலோ போர்டுக்கு எவ்வளவு அமிலம் செலவானது என்று காட்டுவதில்லை.

அப்போது எழும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. சுவாசித்தவுடன் வெறும் இருமலோடு விட்டதுபோல் இருக்கும்; பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மிஞ்சும் திரவத்தில் செம்பும் ஈயமும் நிக்கலும் கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை, சாயக்கழிவு அமராவதியைப் படுத்திய பாட்டைப் பார்த்த ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முறையாகச் செய்பவர்கள் அமிலத்தில் தொடங்குவதில்லை. பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் உள்ள யூமிகோர் ஆலையில் போர்டுகளை உலையில் உருக்குகிறார்கள். பிளாஸ்டிக் எரிபொருளாகிறது, உருகிய செம்பு தங்கம், வெள்ளி, பல்லேடியத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. பிறகு செம்பைத் தனியாகப் பிரித்தெடுத்து, எஞ்சியதிலிருந்து விலையுயர்ந்த உலோகங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். போர்டு எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு கிளம்பும் என்பதால் புகையைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு அங்கே மிகப் பெரியது. கொல்லைப்புறத்தில் இதையெல்லாம் கட்ட முடியாது.

உங்கள் லாபம் தரம் பிரிப்பதில் இருக்கிறது. டிஸ்ப்ளே, கேமரா, நல்ல ஐசி ஆகியவற்றை முதலில் உதிரிபாகமாக விற்றுவிடுங்கள். பல நேரங்களில் போர்டில் உள்ள தங்கத்தைவிட அவற்றுக்கே மதிப்பு அதிகம். பிறகு செல்போன் போர்டு, கம்ப்யூட்டர் ராம், மதர்போர்டு ஆகியவற்றைத் தனித்தனிச் சாக்கில் போடுங்கள். சார்ஜர், டிவி ஆகியவற்றின் பழுப்பு நிற போர்டுகளில் தங்கம் அரிது. அவற்றைக் கலந்து வைத்தால் மொத்தத்துக்கும் அவற்றின் விலைதான் கிடைக்கும். காயலான் கடைக்காரர் சொல்லும் விலையும் அந்தக் கணக்கில் வந்ததாக இருக்கலாம். போர்டை உடைக்கவோ வயரை எரிக்கவோ வேண்டாம்.

வாங்குபவர் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரா என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் அந்தப் பதிவைக் கோருகின்றன. இரண்டு சாக்குக்காக அவர்கள் வண்டி அனுப்பத் தயங்குவார்கள். பக்கத்துக் கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பேசினால் விலையும் கூடும். எடைச் சீட்டும் ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரிகளை அந்தச் சாக்குகளில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். உப்பியவற்றை உலர்ந்த மணல் நிரப்பிய தகர டப்பாவில், கடைக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.