ஊடகப் பிரிவில் சேர விரும்பும் மகள்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், தகவல் தொடர்பும் ஊடகமும் சிறப்புப் பிரிவாக உள்ள ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் அடுத்த ஆண்டு சேர வேண்டும் என்கிறாள். அங்கே போனால் கணிதத்துக்குப் பதிலாக, அன்றாடக் கணக்குகளை மட்டும் கற்பிக்கும் எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசி எடுக்கலாம், தமிழையும் விட்டுவிடலாம் என்பது அவள் எண்ணம். பத்திரிகைத் தொழிலே நலிந்து வருகிறது, இது வேண்டாத வேலை என்கிறார் என் கணவர். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் மகளின் விருப்பம் நல்ல விருப்பம், அதைத் தடுக்காதீர்கள். ஆனால் கணிதத்தையும் தமிழையும் அவள் விடுவதற்குச் சம்மதிக்காதீர்கள்.

முதலில் அந்தப் பள்ளி எந்தச் சான்றிதழுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறது என்பதை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதும் மெட்ரிக் தேர்வில் ஊடகவியல் என்று தனிப் பாடம் கிடையாது. ஆகவே அந்தப் பிரிவு, மெட்ரிக் பாடங்களோடு சேர்த்துத் தரப்படும் கூடுதல் பயிற்சியாக இருக்கலாம். அல்லது பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு நடத்தும் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் உள்ள மீடியா ஸ்டடீஸ் பாடமாக இருக்கலாம். கேம்பிரிட்ஜ் என்றால், இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் சேர என்னென்ன பாடங்கள், என்ன தரத்தில் வேண்டும் என்பதை இப்போதே விசாரித்துவிட வேண்டும். மெட்ரிக் என்றால் மொத்தம் ஏழு பாடங்கள்: இரண்டு மொழிகள், கணிதம் அல்லது மேத்ஸ் லிட்டரசி, லைஃப் ஓரியன்டேஷன் என்னும் வாழ்க்கைத் திறன் பாடம், மற்றும் விருப்பப் பாடங்கள் மூன்று. பட்டப்படிப்புக்குத் தகுதி பெற லைஃப் ஓரியன்டேஷன் நீங்கலாக நான்கு பாடங்களில் 50 விழுக்காடும், வீட்டு மொழியாக, அதாவது முதல் மொழியாக எடுக்கும் பாடத்தில் 40 விழுக்காடும் தேவை. கேமராவும் ஒலிப்பதிவும் பிள்ளைகளை எளிதில் இழுத்துக்கொள்ளும். மாலை நேரம் முழுவதும் அதிலேயே போய், இந்த மதிப்பெண்கள் குறைந்துவிடாதபடி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதழியல் படிக்கக் கணிதம் பெரும்பாலும் கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆயினும் பதினைந்து வயதுப் பெண்ணின் எண்ணம் பதினெட்டில் மாறலாம். கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டரசிக்கு இறங்கி வருவது எளிது, திரும்பி ஏறுவது மிகக் கடினம். அதோடு, நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தைப் பிரித்துப் படிக்கத் தெரியாத செய்தியாளர், அதிகாரி சொன்னதை அப்படியே எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

விருப்பப் பாடங்களில் ஒன்றாக வரலாற்றை எடுக்கச் சொல்வேன். ஒரு சான்றை யார், எப்போது, எந்த நோக்கத்தோடு எழுதினார் என்று கேட்டுப் பழக்கும் பாடம் அது. தமிழையும் மெட்ரிக் வரை எடுக்க முடியும். உங்கள் பள்ளியில் ஆசிரியர் இருந்தால் அவள் அதை விடவே கூடாது. 1903இல் டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் தமிழ்ப் பக்கங்கள் இருந்தன. 1908இல் பி. எஸ். ஐயர் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்தது. நம் முன்னோர் இந்த மண்ணில் பட்ட பாட்டைத் தமிழில் பதிவு செய்த ஏடுகளை நேராகப் படிக்கக்கூடிய இளம் செய்தியாளர்கள் இன்று மிகச் சிலரே. உங்கள் மகள் அவர்களில் ஒருத்தியாக வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

உங்கள் கணவரின் கவலையை ஒதுக்கிவிடாதீர்கள். அச்சுப் பத்திரிகைகளின் விற்பனை குறைந்திருக்கிறது, வேலைகளும் குறைந்திருக்கின்றன. ஆனால் கேட்டதைச் சரிபார்த்துத் தெளிவாக எழுதத் தெரிந்தவர் மருத்துவமனைக்கும் வேண்டும், நகராட்சிக்கும் வேண்டும், தொண்டு நிறுவனத்துக்கும் வேண்டும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஸ்டுடியோவைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்காமல், மாணவர் எழுதிய செய்தி ஒன்றை, ஆசிரியர் திருத்திய பிரதியோடு காட்டச் சொல்லுங்கள். ஒரு தெருவில் பல நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாணவி கவுன்சிலரிடம் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்கிறாள். பாதிப் பேச்சைக் காற்றின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. அவள் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தில் இறக்கி, கேட்காத இடத்துக்குத் தொலைபேசியில் விளக்கம் பெற்று, அண்டை வீட்டாரையும் விசாரித்து, எல்லாவற்றையும் ஒன்றரை நிமிடச் செய்தியாகச் சுருக்க வேண்டும். அதன் ஓரத்தில் ‘இந்தத் தேதி உனக்கு எப்படித் தெரியும்?’ என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். அப்படி ஒரு பிரதியையும் அவர்களால் காட்ட முடியாவிட்டால், இப்போதைய பள்ளியிலேயே படிக்கட்டும்; சமூக வானொலியிலோ பள்ளி இதழிலோ பழகிக்கொள்ளலாம்.

பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன், அவள் எடுக்கவிருக்கும் ஏழு பாடங்களின் பட்டியலை டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பிரிவுக்கும், மகாண்டாவில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளிக்கும் அனுப்பி, இவை போதுமா என்று கேளுங்கள். கடிதத்தை அவளே எழுதட்டும்.