ஸ்டாண்டப்ல என்ன பேசுறதுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, புது நாடு, புது டீம், காலைல ஸ்டாண்டப்ல (டீம் தினமும் கூடிப் பேசுற சின்ன மீட்டிங்) உங்க முறை வந்தாலே தொண்டை அடைக்குது, இதுல ஸ்க்ரம் மாஸ்டர் (டீம் ஸ்க்ரம்ங்குற முறைப்படி வேலை செய்ய உதவுறவர்) லீவுல போறதால அடுத்த வாரம் ஸ்டாண்டப்ப நீங்களே நடத்தணும்னு வேற சொல்லிட்டாங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் வந்து 11 வருஷம் ஆச்சு, முதல் ஆறு மாசம் எனக்கும் இதே கதைதான்.

முந்தின ராத்திரியே பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு மேனேஜர் மூஞ்சியப் பாத்து ஒப்பிப்பேன். ஒரு தடவை டெஸ்ட் சர்வர்ல லாகின் பண்ணுன உடனே டோக்கன் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுற அனுமதிச் சீட்டு மாதிரி) எக்ஸ்பயர் ஆயிடும், நானும் மூணு நாளா "வேலை போயிட்டிருக்கு"ன்னே சொல்லி ஓட்டுனேன், இது கூடத் தெரியாதான்னு நெனச்சுருவாங்களோன்னு பயம். நாலாவது நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன டெஸ்டர், "அந்த சர்வர் கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடுதுங்க, அதான் டோக்கன் நேரம் முடிஞ்சதா நெனச்சுக்குது, நானும் மாட்டுனேன்"னாங்க. பத்தே நிமிஷத்துல சரியாச்சு. யாரும் சிரிக்கல, லீட் மட்டும் "திங்கக்கிழமையே சொல்லிருக்கலாமே"ன்னாரு.

ஸ்டாண்டப் மேனேஜருக்குக் கணக்கு ஒப்பிக்கிற இடமே இல்ல தம்பி. ஸ்க்ரம் கைடுலயே (ஸ்க்ரம் முறைக்கான கையேடு) அது டெவலப்பர்ஸுக்கான 15 நிமிஷம்னுதான் இருக்கு, ஸ்ப்ரின்ட் கோல் (இப்போ ஓடுற வேலைச் சுற்றோட இலக்கு) பக்கம் போயிட்டிருக்கோமா, இல்லன்னா இன்னைக்கு எதை மாத்தணும்னு பாக்கத்தான். நேத்து என்ன, இன்னைக்கு என்ன, தடை என்னங்குற மூணு கேள்விய 2020 பதிப்புல எடுத்தே விட்டுட்டாங்க, ஆனா பாதி டீம் இன்னும் அதைத்தான் மந்திரம் மாதிரி சொல்லிட்டிருக்கு.

நடத்துறப்ப ஆள் ஆளா கேக்காதீங்க, டீமோட வேலையெல்லாம் எந்தக் கட்டத்துல இருக்குன்னு காட்டுற போர்ட தொறந்து வலது பக்கத்துலேருந்து வாங்க, முடியப்போற டிக்கெட் (ஒரு வேலைக்கான அட்டை) முதல்ல, "இது முடிய என்ன வேணும்"னு மட்டும் கேளுங்க. மூணு நாளா நகராத டிக்கெட் தானா கண்ணுல படும், யாரையும் குத்திக்காட்ட வேண்டியதில்ல. ரெண்டு பேரு டிசைன் பத்தி ஆரம்பிச்சுட்டா "நீங்க ரெண்டு பேரும் முடிஞ்சப்புறம் இருங்க"ன்னுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க, இங்க யாரும் அதைத் தப்பா எடுக்க மாட்டாங்க, எனக்கு இது பழகவே ஒரு வருஷம் ஆச்சு. யாராவது மேனேஜரப் பாத்தே பேசுனா நீங்க போர்டப் பாருங்க, அவங்க கண்ணும் மெல்ல அங்க திரும்பும்.

லேட்டா வர்றவங்களுக்காகக் காத்திருக்காதீங்க. டீம்ல யாராவது வேகமா பேசிப் புரியலன்னா இன்னொரு தடவை சொல்லுங்கன்னு அங்கேயே கேட்டுருங்க. முதல் நாள் எப்படியும் இழுக்கும், 15 நிமிஷம் ஆனதும் நிறுத்திட்டு மிச்ச டிக்கெட்டுக்கு சம்பந்தப்பட்டவங்கள மட்டும் இருக்கச் சொல்லுங்க.