தாய்ப்பால் குடிக்கும் 2 மாதக் குழந்தை ராத்திரியில் அடிக்கடி எழுவதைக் குறைக்க முடியுமா?

இரவு விழிப்பு என்றால், பசித்தோ தூக்கம் கலைந்தோ குழந்தை ராத்திரியில் எழுவது. இந்த வயதில் முழுதாக நிற்காது, கொஞ்சம் குறைக்கலாம்.

வயிறு சின்னது, தாய்ப்பாலும் சீக்கிரம் செரித்துவிடும். சின்ன டேங்க் வண்டி அடிக்கடி பங்க்குக்குப் போவது மாதிரிதான். தவிர, பகல் எது இரவு எது என்று உடம்புக்குப் பிடிபடவே சில மாதம் ஆகும்.

பகலில் 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை வயிறு நிறையக் கொடுங்கள். பகல் முழுக்கத் தூங்கும் குழந்தை, விட்ட பாலை ராத்திரியில் வசூலித்துவிடும். பகலில் வெளிச்சமும் வீட்டுச் சத்தமும் இருக்கட்டும். இரவில் மங்கலான விளக்கு போதும், கொஞ்சல் வேண்டாம்.

அப்புறம், முனகியதும் தூக்கிவிடாதீர்கள். தூக்கத்திலேயே குழந்தை உதட்டைச் சப்பும், காலை உதறும். ஒரு நிமிடம் பார்த்தால் சில நேரம் தானாக அடங்கிவிடும். பசித்து அழுதால் கொடுத்துவிட வேண்டியதுதான். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு இரவுப் பாலைக் குறைக்கவே கூடாது.

“பால் பத்தலை, கஞ்சி கொடு” என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் எடை ஏறி, நாளுக்கு 6 தடவையாவது சிறுநீர் போனால் பொதுவாகப் பால் போதுகிறது என்றே அர்த்தம், 6 மாதம் வரை கஞ்சியும் தண்ணீரும் தேவையில்லை.