கற்றுத்தர ஆள் இல்லாத ஊரில், கணினி மென்பொருளை மட்டும் வைத்து மோர்ஸ் கற்க முடியுமா?

முடியும். மோர்ஸ் என்பது எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளால் அனுப்பும் தந்தி முறை. நான் அப்படித்தான் கற்றேன். முதல் நாளிலிருந்தே காதால் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அனுப்பிப் பழகும்போது மட்டும், கேட்டுத் திருத்த ஒரு மனிதர் கிடைத்தால் நல்லது. அவசரத்தில் இருப்பவர்களுக்குப் பதில் இவ்வளவுதான். மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

கேட்டவர் அநேகமாகக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையாக இருப்பீர்கள். பொழுதுபோக்காகச் சொந்த வானொலி நிலையம் நடத்தும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் எடுக்க ஆசை, பக்கத்தில் கிளப் கிடையாது, வாரா வாரம் மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வர வீட்டில் விடமாட்டார்கள். எனக்கும் அதே நிலைமைதான், வயதுதான் கூடுதல். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, அழகப்பர் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் சாயங்காலம் கடை ஓய்ந்தபிறகு எனக்கு டா (நீண்ட ஒலி), டிட் (குறுகிய ஒலி) சொல்லித்தர ஓர் ஆள் அகப்படவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று கடையில் பில் போடக் கிடந்தது. அதில்தான் ஆரம்பித்தேன்.

"குரு இல்லாமல் மோர்ஸ் வராது, கம்ப்யூட்டரில் படித்தவன் கை கட்டைதான்" என்று அடித்துச் சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதைக் கேட்டு ஒரு பிள்ளையாவது பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் செய்திருக்கக்கூடிய முதல் காரியம், புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையை இறக்கிச் சுவரில் ஒட்டியதுதான். அதைக் கிழித்துவிடுங்கள். கண்ணால் படித்தவருக்கு ஒலி காதில் விழுந்ததும் மனசு அதைப் புள்ளி கோடாக மாற்றும், பிறகு அட்டவணையில் தேடும், அதன் பிறகுதான் எழுத்து வரும். அதற்குள் அடுத்த எழுத்து வந்து போயிருக்கும். நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் ஒரு டிட் 240 மில்லி செகண்ட் நீளம், அதை எண்ணிவிடலாம். 20 சொல் வேகத்தில் வெறும் 60 மில்லி செகண்ட். எண்ண முடியாது. எண்ணி எண்ணிப் பழகியவர்கள் 10 சொல் பக்கம் வந்ததும் சுவரில் முட்டி நிற்பது இதனால்தான். மோட்டாரை ஆன் செய்த உடனே பேரிங் போய்விட்டது என்று காது சொல்லுமே, எழுத்தும் அப்படி முழு ஒலியாகக் காதில் வந்து விழ வேண்டும்.

இதை 1930களிலேயே லுட்விக் காஹ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் கண்டுகொண்டார். அவர் முறையில் முதல் நாளே முழு வேகம்தான், ஆனால் இரண்டே எழுத்து. அவை நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தபிறகு மூன்றாவதைச் சேர்க்க வேண்டும், அது படிந்தபிறகு நான்காவது. மனிதர் ஒருவர் உட்கார்ந்து இப்படிச் சொல்லித்தருவது பெரிய பாடு. ஒரே வேகத்தில், ஒரே அளவில், சலிக்காமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விடையையும் திருத்த வேண்டும். கணினிக்கு அதுதான் சுலபமான வேலை. ஆக, இந்த முறை மென்பொருளுக்கென்றே பிறந்த முறை என்பேன்.

எல்சிடபிள்யூஓ என்ற தளம் இலவசம், உலாவியிலேயே ஓடும், 40 பாடம். முதல் பாடத்தில் கே, எம் என்ற இரண்டு எழுத்து மட்டும்: டா-டி-டா, டா-டா. நெட் அடிக்கடி போகிற ஊர் என்றால் ஜி4எஃப்ஓஎன் பயிற்சி மென்பொருளை விண்டோஸில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் காஹ் முறைதான், கூடவே இரைச்சலும் கலந்து பழகலாம். இரண்டிலும் எழுத்தின் வேகத்தை 20இல் வைத்துவிட்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளியை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள். இதற்கு ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்று பெயர். எழுத்தின் வேகத்தைக் குறைக்கவே கூடாது. கடையில் நான் எழுத்தை ஒருநாளும் இறக்கவில்லை. இடைவெளியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டு வந்தேன்.

தினமும் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அது மேல். ஒலியைக் கேட்டு எழுத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன, எஃப்எல்டிஜி மாதிரி. பழகும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். திரை படித்துக் காட்டும்வரை காது சோம்பேறியாகத்தான் இருக்கும்.

இனி, நான் அனுப்புவதைக் கேட்டுத் திருத்திய ஒரு பெரியவரைப் பற்றி.

கிரைண்டர் மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் கடைக்கு வந்தார். ஸ்பீக்கரில் பயிற்சி ஓடிக்கொண்டிருந்தது, நான் காயில் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர் பேசவில்லை. கல்லாப்பெட்டி மேல் வலது கை நடுவிரல் மட்டும் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன தம்பி, அர்த்தமே இல்லாம அஞ்சஞ்சு எழுத்தா வருது?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மென்பொருள் பயிற்சிக்காக எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஐந்தைந்தாகத்தான் அனுப்பும். தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அடுத்த தெருவிலேயே இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது.

"எங்களுக்கு இப்பிடிக் குழல் மாதிரி ஊதாது தம்பி. இரும்பு தட்டும், அவ்வளவுதான்" என்றார். தந்திக் கருவியில் சவுண்டர் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு குறிக்கும் அது இரண்டு முறை தட்டும், கீழே இறங்கும்போது ஒன்று, மேலே ஏறும்போது ஒன்று. இரண்டு தட்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தை வைத்துத்தான் டிட்டா டாவா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்டே பழகிய காது, ஸ்பீக்கரில் ஊதும் ஒலியைக் கொஞ்ச நேரத்தில் பிடித்துவிட்டது.

ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் தந்தி வருமா என்று வாசலைப் பார்த்திருந்த வீடுகள் எங்கள் பக்கத்து வீடுகள். இந்தியாவில் தந்திச் சேவையை 2013 ஜூலையில் மூடினார்கள். அதற்கு வெகு முன்பே மோர்ஸ் போய், தட்டச்சு செய்ததைத் தானே அச்சடிக்கும் டெலிபிரிண்டர் வந்துவிட்டது. அவர் கையில் இருந்த தொழிலை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அவரிடம் நான் கற்றது இரண்டு. ஒன்று, பின்தங்கி எழுதுவது. காதில் விழும் எழுத்தை அப்போதே எழுதப் பறக்கக் கூடாது. காது முன்னால் போய்க்கொண்டிருக்க, கை ஒரு சொல் பின்னால் வர வேண்டும். அவர் எழுதும்போது பார்த்தேன். ஒலி நின்றபிறகும் பென்சில் நிதானமாக நான்கைந்து எழுத்தை எழுதி முடித்தது. இரண்டாவது, அனுப்புவது.

அனுப்புவதற்கு நான் செய்த கீ, அதாவது தட்டும் கருவி, ஹேக்சா பிளேடில் ஆனது. பலகையில் பிளேடை ஒரு முனையில் ஸ்க்ரூ வைத்து முடுக்கி, மறுமுனையில் பழைய அலமாரிக் குமிழைப் பொருத்தினேன். ஒலிக்கு 555 ஐசி, சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி. மௌசின் இடது பட்டனில் ஒயர் பற்றவைத்துக் கணினியிலேயே தட்டலாம் என்பார்கள், செய்தும் பார்த்தேன். அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் நடுவில் ஒரு தாமதம் வந்து கையைக் குழப்பியது. 555 போட்டது அதனால்தான். கணக்கு இதுதான்: டா என்பது மூன்று டிட் நீளம், எழுத்துக்குள் இடைவெளி ஒரு டிட், எழுத்துகளுக்கு நடுவில் மூன்று, சொற்களுக்கு நடுவில் ஏழு.

பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உன் சி-யில ரெண்டாவது டா நீளுது. முத டாவும் அதும் ஒரே அளவா வரணும்" என்றார். டா-டி-டா-டிட். நானே தட்டி நானே கேட்டபோது அது தெரியவே இல்லை. இந்த இடத்தில்தான் ஆள் வேண்டும் என்கிறேன். ஆள் கிடைக்காவிட்டால், நீங்கள் அனுப்புவதைப் போனில் பதிவு செய்து, ஒரு வாரம் கழித்து எழுதிப் பாருங்கள். உங்கள் கையே உங்களுக்குப் புரியாத இடங்கள் பளிச்சென்று தெரியும்.

உடனே சிலர் "அப்போ குரு வேண்டும் என்றுதானே ஆயிற்று" என்பார்கள். இல்லை. அவர் கடைக்கு வந்தபோது நான் எல்லா எழுத்தையும் எண்களையும் கேட்டு எழுதுவேன். அதைக் கொடுத்தது மென்பொருள்தான். அவரே என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சுத்தமா எடுக்குறியே" என்றார். முப்பது வருடம் தந்தி எடுத்த மனிதர் சொன்னது எனக்குப் போதும்.

தேர்வைப் பற்றி: 2003இல் உலக வானொலி மாநாடு மோர்ஸைக் கட்டாயமாக்குவதை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது, அமெரிக்கா 2007இல் அடியோடு எடுத்துவிட்டது. நான் தேர்வு எழுதிய காலத்தில் நம் நாட்டில் பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் எடுக்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும், கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மோர்ஸ் இல்லை. மேலே சொன்னபடி படித்தவருக்கு 8 சொல் என்பது சிரமமே இல்லை. தேர்வு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மோர்ஸ் ரன்னர் என்ற மென்பொருளில் போட்டி நேரத்து அலைவரிசை போலவே பல நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அழைக்கும், ஒலி மங்கும், மறுபடி ஏறும். நிஜக் காற்றலைக்குப் போகும் முன் அதில் பழகியது எனக்கு மிகவும் உதவியது.

உரிமம் வந்தபிறகு எனக்கு வந்த தடை வேறு. நீங்கள் கேட்காததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை ஆன்டெனா என்றால் சுமார் 20 மீட்டர் ஒயர். எங்கள் வீடு வாசல் ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் இருக்கிற வீடு. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை மொட்டைமாடியில் ஒயரைக் கட்டினால் இடம் மிச்சம் இருக்கும். ஆனால் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு. பொங்கலுக்கும் படைப்புக்கும் மட்டும் வந்து போகிறவர்கள், "ஒயர் கட்டுனா இடி எறங்கும், வீட்டு லட்சணம் கெடும்" என்று மறுத்துவிட்டார்கள். அப்பச்சி எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அதே ஆட்கள் இரண்டாங்கட்டின் பர்மாத் தேக்குத் தூண்களையும் நிலையோடு ஒரு கதவையும் பழம்பொருள் வியாபாரிக்குப் பேசி முடித்தபோது வீட்டு லட்சணம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தூண் நின்ற இடத்தில் இப்போது இரும்புப் பைப் முட்டுக்கொடுத்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய செம்புக் கம்பிக்கு மட்டும் அனுமதி இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

கடைசியில் கடை மாடியில் ஒயரை வளைத்துக் கட்டிக்கொண்டேன். தெருவெல்லாம் மலிவான எல்இடி பல்பு, அதன் இரைச்சல் சாயங்காலத்தில் அதிகம். விடியற்காலையில் அலை சுத்தமாக இருக்கும். உரிமம் வரும்வரை நீங்கள் கேட்க மட்டும் செய்யலாம், அனுப்பக் கூடாது. ரேடியோ வாங்கப் பணம் இல்லையென்றால் நெதர்லாந்தில் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் வைத்திருக்கும் வெப்எஸ்டிஆர் என்ற இணையவழி ரேடியோ இருக்கிறது, உலாவியிலேயே நிஜ மோர்ஸ் கேட்கலாம். எழுத்துகள் பாதி படிந்ததுமே அங்கே போய் உட்காருங்கள். நிஜ மனிதர்களின் கை, பயிற்சி ஒலி போல ஒரே சீராக இருக்காது என்பது சீக்கிரமே பிடிபடும்.

நீங்கள் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இருப்பவர் என்றால் கருத்தில் சொல்லுங்கள். ஹேக்சா பிளேடு கீ ஒன்று செய்து தருகிறேன், காசு வேண்டாம். நீங்கள் அனுப்புவதைக் கேட்டுச் சொல்லவும் செய்கிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடையில் வேலை குறைவு.