சிறையில் உள்ள தம்பிக்கு ஹெபடைட்டிஸ் சி: வீட்டில் சேர்க்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கிறான். கைதாவதற்கு முன் வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தான். சிறையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் சி ‘பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. உள்ளேயும் ஒரே ஊசியைச் சிலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதாக, மனு போட்டுப் பார்க்கச் சென்றபோது என்னிடம் சொன்னான். அடுத்த மாதம் ஜாமீன் கிடைக்கலாம். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவனை வீட்டில் சேர்க்கலாமா? இந்த நோய் தீருமா?

பதில்: தம்பியைத் தயங்காமல் வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், சகோதரி. ஹெபடைட்டிஸ் சி ரத்தத்தின் வழியே பரவும் நோய். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவதாலோ, ஒரே குளியலறையைப் பயன்படுத்துவதாலோ அது தொற்றாது. சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகிய மூன்றும் அவருக்குத் தனியாக இருக்கட்டும். அவருக்குக் காயம் பட்டால் அதை மூடிக் கட்டுங்கள். வேறு எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

இந்த நோய் தீரக்கூடியது. ஆனால் முதலில், செய்தது எந்தப் பரிசோதனை என்று சிறை மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்புப் பொருளைக் காட்டும் சோதனை மட்டும் ‘பாசிட்டிவ்’ என்றால், கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதே அதன் பொருள். ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு உடலே அதை விரட்டிவிடுகிறது. கிருமி இப்போதும் இருக்கிறதா என்பதை ‘வைரல் லோடு’ சோதனைதான் சொல்லும். இருந்தால், சோபோஸ்புவிர், டக்லட்டாஸ்விர் ஆகிய மாத்திரைகளை, கல்லீரல் சுருங்கிப்போகாத நிலையில், 12 வாரம் தினமும் உட்கொள்ள வேண்டும். நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறார்கள். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்த மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஜாமீன் வரட்டும் என்று காத்திராமல் உள்ளேயே தொடங்கிவிடுவது நல்லது. வெளியே வந்ததும் எந்த மருத்துவமனையில் தொடர்வது என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரை தொடங்கும் முன் இரண்டைப் பார்த்துவிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி கிருமியும் உடலில் இருந்தால், சி கிருமிக்குச் சிகிச்சை நடக்கும்போது அது கிளர்ந்தெழக்கூடும். இல்லையென்றால் பி தடுப்பூசியை மூன்று தவணையாகப் போட்டுவிடலாம். அடுத்தது காசநோய். நெரிசலான சிறை அறைகளில் அது எளிதில் பரவுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், ஹெபடைட்டிஸ் சி மாத்திரைகளின் வேலையைக் கெடுத்துவிடும் என்பதால் எல்லா மருந்துகளையும் ஒரே மருத்துவர் அறிந்திருக்க வேண்டும்.

ஊசியைப் பகிர்ந்ததைத் தம்பி உங்களிடம் மறைக்காமல் சொன்னது மிகப் பெரிய உதவி. ஹெபடைட்டிஸ் சி கிருமி, பயன்படுத்திய ஊசிக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. மாத்திரை கரைத்த நீர், வடிகட்டிய பஞ்சு, சிறைக்குள் பச்சை குத்தும் ஊசி ஆகியவையும் அதைக் கடத்தும். பகிர்ந்த ஊசியின் வழியே எச்.ஐ.வி.யும் பரவும் என்பதால் அந்தச் சோதனையும் செய்ய வேண்டும். கடைசியாகப் பகிர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், மீண்டும் ஒருமுறை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, அரசின் காவலில் இருப்பவருக்கும் தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை ஆகியவை உரிமை. அவருடைய ஒப்புதல் இல்லாமல் சோதிக்கவும் கூடாது. வெளியே வந்தபின் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்திலும் சோதிக்கலாம்.

சிறைக்குள் போதைப்பொருள் நுழைவதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால், ஒரே ஊசி பத்து கைகளுக்குப் போவது நிற்காது. சுவிட்சர்லாந்தின் ஹிண்டல்பாங்க் பெண்கள் சிறையில் 1994இல் புதிய ஊசி தரும் இயந்திரங்களையே வைத்தார்கள். நம் நாட்டில் டெல்லி திகார் சிறையில் 2008இல், ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையை மருத்துவக் கண்காணிப்பில் தரத் தொடங்கினார்கள். அது ஏக்கத்தையும் உடல் நடுக்கத்தையும் அடக்குவதால் ஊசியின் தேவை குறைகிறது. இத்தகைய சிகிச்சை எல்லாச் சிறைகளிலும் கிடைக்க வேண்டும் என்று ஒரு மருத்துவனாக நான் உறுதியாகக் கருதுகிறேன். உங்கள் தம்பிக்கு இது கிடைக்குமா என்று சிறை மருத்துவரிடமும் கண்காணிப்பாளரிடமும் எழுத்து மூலம் கேட்பதில் தவறில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். விடுதலையான முதல் இரண்டு வாரங்கள்தான் அவர் உயிருக்கு மிகவும் ஆபத்தான காலம். சில மாதங்கள் பழக்கம் நின்றதும் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது. முன்பு போட்டுக்கொண்ட அதே அளவை மீண்டும் போட்டால், அதிலும் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால், மூச்சு நின்றுபோகும். இதைத் தம்பியிடம் திட்டாமல் நேராகச் சொல்லுங்கள். வெளியே வந்த அன்றோ மறுநாளோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போதை மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலும் வழிகாட்டுவார்கள். ஒருவேளை அவர் மறுபடியும் ஊசியை எடுத்தால், தனியாக இருக்கும்போது போடக் கூடாது, பிறர் ஊசியைத் தொடவே கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். இப்படிச் சொல்வது பழக்கத்துக்கு அனுமதி தருவதாகாது.

அவரை எழுப்ப முடியாமல், மூச்சு மிக மெதுவாகி, குறட்டை போல் சத்தம் வந்து, உதடு நீலமானால் உடனே 108ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். என்ன எடுத்துக்கொண்டார் என்பதை ஆம்புலன்சில் வருபவர்களிடம் மறைக்காதீர்கள். நலாக்சோன் என்ற முறிவு மருந்தை உரிய நேரத்தில் செலுத்தினால் மூச்சு திரும்பிவிடும்.