ஆலை எரிசக்தி: கேள்வி – பதில்

அழுத்தக் காற்றை வீசி ஊடை (குறுக்கு) நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறிகள் எங்கள் ஆலையில் உள்ளன. அங்கே காற்றுக் கசிவுகளை அடைத்துவிட்டோம். மின் கட்டணம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லையே, ஏன்? – வாசகர், பல்லடம்

அடைப்பதற்கு முன் எவ்வளவு கசிந்தது, இப்போது எவ்வளவு கசிகிறது என்பதை அளந்து பாருங்கள். வார விடுமுறையில் தறிகள் எல்லாம் நின்றபின் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர்களில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். அது லோடில் (காற்றை அழுத்தி அனுப்பியபடி) எத்தனை நொடி, அன்லோடில் (காற்று அனுப்பாமல் வெறுமனே சுழன்றபடி) எத்தனை நொடி ஓடுகிறது என்று ஐந்தாறு சுற்றுக்குக் குறித்துச் சராசரி எடுங்கள். நிமிடத்துக்கு 10 கன மீட்டர் தரும் இயந்திரம் 60 நொடி லோடு, 180 நொடி அன்லோடு என்று ஓடினால், கால் பங்கு, அதாவது நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர் வீணாகிறது. 7 பார் அழுத்தத்தில் ஸ்க்ரூ கம்ப்ரசர், நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றுத் தரச் சுமார் 6.5 கிலோவாட் எடுக்கும். ஆக 16 கிலோவாட். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1.3 லட்சம் யூனிட்.

இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்: தறிகளுக்குக் காற்று செல்லும் வால்வுகளைத் திறந்து வைத்து ஒருமுறை, மூடிவிட்டு ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தறிக்குள் நடக்கும் கசிவு. பலரும் குழாயைச் சுற்றிச் சோப்பு நீர் தடவுவதோடு நின்றுவிடுகிறார்கள். தறியின் சோலனாய்டு வால்வு, ஃபில்டர் கிண்ணம், டியூப் செருகும் கனெக்டர், திறந்தபடியே சிக்கிக்கொண்ட டிரெய்ன் வால்வு ஆகியவற்றையும் பாருங்கள். விஎஃப்டி (தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) பொருத்திய கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதை நிறுத்திவிட்டு, டேங்க், குழாய் இரண்டின் கொள்ளளவையும் (கன மீட்டரில்) அழுத்தம் குறைந்த பார் அளவால் பெருக்கி, ஆன நிமிடங்களால் வகுத்தால் கசிவு கிடைக்கும்.

இனி கட்டணத்துக்கு வருவோம். அன்லோடில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரசரும் முழுச் சுமை மின்சாரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இழுக்கும். கசிவை அடைத்தபின் உங்கள் கம்ப்ரசர்கள் எல்லாமே கூடுதல் நேரம் அன்லோடில் ஓடிக்கொண்டிருந்தால், சேமிப்பில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். ஒன்றை முற்றிலும் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். அடுத்தது அழுத்தம். கசிவு நின்றதும் லைனில் அழுத்தம் ஏறும். மிச்சமிருக்கும் ஓட்டைகளிலும் காற்று கூடுதலாகப் போகும். 1 பார் குறைத்தால் மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் மிச்சமாகும். ஆனால் ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். 0.2 பார் குறைத்து, ஊடை நூல் சரியாகப் பாயாமல் தறி நிற்பது கூடுகிறதா என்று ஒரு ஷிப்டு பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

அதிக எரிசக்தி செலவிடும் ஆலைகளுக்கு மத்திய அரசு சேமிப்பு இலக்கு வைக்கும் ‘பாட்’ (PAT) திட்டத்தில் எங்களைப் போன்ற ஆலைகள் வருமா? – வாசகர், ஈரோடு

ஜவுளித் துறையில் ஆண்டுக்கு 3,000 எண்ணெய் டன்னுக்கு (ஒரு டன் எண்ணெயில் உள்ள ஆற்றல்தான் ஓர் எண்ணெய் டன்) நிகராகவோ அதற்கு மேலோ எரிசக்தி செலவிடும் ஆலைகளுக்கே அது கட்டாயமாக்கப்பட்டது. வாங்கும் மின்சாரத்தை மட்டும் கணக்கிட்டால் சுமார் 3.5 கோடி யூனிட். நிலக்கரியும் இதில் சேரும்.

2012 முதல் 2015 வரையிலான முதல் சுற்றில் 8 துறைகளின் 478 ஆலைகளுக்கு இலக்கு தரப்பட்டது. சேமிக்க வேண்டியது 66.86 லட்சம் எண்ணெய் டன், சேமித்தது 86.7 லட்சம். இலக்கைத் தாண்டியவர்களுக்கு சந்தையில் விற்கக்கூடிய 38 லட்சத்துக்கும் மேற்பட்ட சேமிப்புச் சான்றிதழ்கள் கிடைத்தன. தவறியவர்கள் வாங்க வேண்டியதோ 14 லட்சம் சொச்சம்தான். வரவு இப்படிக் குவிந்தால் சந்தையில் விலை நிற்காது. இலக்கு தளர்வாக வைக்கப்பட்டது என்பதே என் கருத்து.

ஜப்பானிலும் சீனாவிலும் எப்படி? – அதே வாசகர்

ஜப்பான் 1979-லேயே சட்டம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 1,500 கிலோலிட்டர் கச்சா எண்ணெய்க்கு நிகராகச் செலவிடும் நிறுவனங்கள் எரிசக்திப் பொறுப்பாளரை அமர்த்தி, ஒரு அலகு உற்பத்திக்கான எரிசக்திச் செலவை ஆண்டுக்குச் சராசரி 1 சதவீதம் குறைக்க முயல வேண்டும். சீனா 2006-ல் எரிசக்தியை மிக அதிகமாகச் செலவிடும் சுமார் ஆயிரம் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றோடும் இலக்கு ஒப்பந்தம் போட்டது. அதிகாரிகளின் பணி மதிப்பீட்டையும் அந்த இலக்கோடு இணைத்தது. ஜப்பானின் முறைதான் நமது நடுத்தர ஆலைகளுக்கு ஏற்றது. மீட்டர் பதிவைப் பார்த்துப் பதில் சொல்லும் பொறுப்பு அங்கே ஒருவர் பெயரில் இருக்கிறது.